கிணற்றின் மேல் ஓடும் ரயில்

சேலத்துக்கும் கரூருக்கும் நடுவே ரயில் பாதை போட்டபோது அது எங்கள் காட்டுக்குள் நுழைந்து வெளியேறியது. காடு என்றால் எங்கள் பக்கம் விளைநிலம். கிணற்றை மூடி, அதன் மேல் மண் கொட்டி மேடாக்கித் தண்டவாளம் போட்டார்கள். மிஞ்சியது இருபுறமும் இரண்டு துண்டு நிலம். வடக்கே நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன நிறுத்தம்: தகரக் கூரை, இரண்டு சிமெண்ட் பெஞ்சு, மூன்று மொழிகளில் பக்கத்து ஊரின் பெயர். எங்கள் ஊர்ப் பெயரை வைக்கவில்லை என்று பெரியவர்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

அப்பாவுக்கு அந்த வருத்தம் இல்லை. "நம்ம கெணத்து மேல போற ரயிலுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை பேசுவார். ஒரு தடவையாவது அதில் ஏறிச் சேலம் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

நான் கரூரில் வேலை பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைச் சேலம் கூட்டிப் போக அங்கிருந்து ஏறி வருவதாகவும், நிறுத்தத்தில் நிற்கும்படியும் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். வண்டி எங்கள் காட்டை நெருங்கி வேகம் குறைந்தது. எட்டிப் பார்த்தால், கிணறு இருந்த இடத்தில் வெள்ளை வேட்டியும் மஞ்சள் பையுமாக அப்பா கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! வண்டி அவரைக் கடந்து போய் நிறுத்தத்தில் நின்றது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உடனே போன் போட்டேன்.

"ஏனுங்கப்பா, இதென்ன டவுன் பஸ்ஸுங்களா, கை காட்டுனா நிக்கிறதுக்கு?"

"தெனமும் நம்ம காட்டுகிட்ட மெதுவாத்தானே சாமி போவுது? எனக்கு நிக்காதா?"

வண்டி ஒரு நிமிடம் நின்றது. நான் இறங்கியிருக்கலாம். அடுத்த வண்டி வரும்வரை இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். வீம்பில் உட்கார்ந்தே இருந்தேன். அப்பா அதற்குப் பிறகு ரயில் பேச்சே எடுக்கவில்லை. ஏறாமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகள் சேலத்தில் படிக்கிறாள். அவளைப் பார்க்க இப்போதும் இதே வண்டியில்தான் போகிறேன். கிணற்று மேடு வந்ததும் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். ஒரே ஒரு தடவை அங்கே இறங்கி நிற்க மனசு கிடந்து தவிக்கிறது. ஆனால் ஏறுவதற்கு ஆள் இல்லை என்று அந்த நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். வண்டி அங்கே வேகம்கூடக் குறைப்பதில்லை.