கதவுக்குப் பின்னால் இருந்தவருக்கு முகம் வரைந்த கதை

பழைய பேய் காமிக்ஸையும் அதைப் புதிதாக வரைந்த பக்கங்களையும் அருகருகே வைத்து, எந்த இடத்தில் பயம் குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள்.

சின்ன வயதில் போர்வைக்குள் படித்த காமிக்ஸ் பளபளவென்று திரும்ப வருகிறது என்று கேள்விப்பட்டு, ஓடிப்போய் வாங்கி, நாலு பக்கம் புரட்டியதும் மூடி வைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தக் கோபத்தோடு என்னைத் தேட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான். என்ன, நீங்கள் வாங்கி நொந்தீர்கள், நான் உள்ளே உட்கார்ந்து நொந்தேன்.

வில்லாபுரத்தில் ஒரு மாடி அறைதான் எங்கள் பதிப்பகம். முதலாளி செல்வம் அண்ணன். 'பாழ்வீட்டு விருந்து' என்ற பழைய பேய்க்கதைக்கு உரிமை வாங்கி, புதிதாக வரைந்து வெளியிட முடிவு செய்தார். வரைகிறவன் பிரபு. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வருவான். கதை ரொம்பச் சின்னது. மழையில் ஒதுங்கிய ஒரு வழிப்போக்கனுக்குப் பாழடைந்த வீட்டில் யாரோ சோறு போடுகிறார்கள். போடுகிற கை மட்டும்தான் தெரியும். கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம்: பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. அவ்வளவுதான் கதை. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நான் வேலையில் சேர்ந்தேன். "இது ஓடுச்சுன்னா இன்னும் பத்துப் புத்தகம் போடுவோம். ஓடலைன்னா ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற மெஷினை இறக்கிருவேன்" என்று செல்வம் அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

பூச்சி வரைந்தது

எங்களிடம் இருந்த பழைய பிரதியைப் பூச்சி அரித்திருந்தது. சோறு போடுகிற கையின் நடுவில் சரியாக ஒரு ஓட்டை. ஸ்கேன் செய்தபோது அதுவும் சேர்ந்து விழுந்துவிட்டது. பிரபு அதைப் பார்த்துவிட்டு, பேயின் உள்ளங்கையில் ஒரு பெரிய துளை வரைந்து, அதன் வழியாகச் சோற்றுப் பருக்கைகள் இலையில் கொட்டுவது போல அமைத்திருந்தான். அடுத்த பக்கத்திலும் துளை. அதற்கடுத்த பக்கத்தில் துளைக்குள் ஒரு கண்.

"இது பூச்சி அரிச்சதுண்ணே" என்றேன். செல்வம் அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. நான் பேசினால் பொதுவாக யாருக்கும் கேட்பதில்லை. எழுந்து போய்ப் பழைய பிரதியை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக அவர் கண் தெரிந்தது. அவர் புதுப் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், "நல்லாத்தானப்பா இருக்கு" என்றார். பிரபு நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"மாப்ள, பூச்சிக்கு இருக்கிற கற்பனைகூட உனக்கு இல்லைடா."

முதுகில் விழுந்த சிவப்பு

ஓட்டை இல்லாத பிரதி ஒன்று சோழவந்தானில் மாயாண்டி அண்ணனிடம் இருந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். புத்தகத்தைக் கையை விட்டுக் கொடுக்க மனமில்லாமல், மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். ஸ்கேன் முடிகிறவரை மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அந்தக் காலத்து அச்சில் சிவப்பு மை கொஞ்சம் தள்ளித்தான் விழும். வழிப்போக்கன் சாப்பிடுகிற படத்தில், விளக்குச் சுடரின் சிவப்பு விளக்கில் விழாமல் அவன் முதுகில் விழுந்திருந்தது. பிரபு அதைத் திருத்தி, சுடரை அழகாக விளக்கிலேயே ஏற்றிவிட்டான். இரண்டு படத்தையும் மாயாண்டி அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒருவராவது என் பக்கம் பேசுவார் என்று நம்பினேன். பேசவும் செய்தார். ஆனால் செல்வம் அண்ணன் அப்போது பார்த்து டீ குடிக்கக் கீழே போயிருந்தார்.

"இப்ப வெளக்கு எரியுது தம்பி, அம்புட்டுத்தான். அப்ப அது அவன் முதுகுல எரிஞ்சுச்சு, நான் என் முதுகைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே படிச்சேன்."

கடைசிப் பக்கம்

எங்கள் தாத்தா பேய்க்கதை சொன்னால், பேய் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கிவிடுவார். மிச்சத்தை நாங்கள்தான் விடிய விடியப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், பிரபு கொண்டுவந்த கடைசிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் நின்றார். விரிந்த தோள், வாரிவிட்ட தலைமுடி, வரிசை தப்பாத பல். உடம்பில் எண்ணெய் தடவியது போல ஒரு மினுமினுப்பு. பட்டினி கிடந்து செத்த ஆவி என்று கதையில் போட்டிருக்கிறது. இவரைப் பார்த்தால் தினமும் காலையில் ஆறு முட்டை சாப்பிடுகிறவர் மாதிரி இருந்தது.

"அண்ணே, இங்க முகமே வேண்டாம். இருட்டை மட்டும் விட்டுருவோம்" என்று செல்வம் அண்ணனிடம் சொன்னேன். "பேய்க்கதைன்னு காசு வாங்கிட்டு இருட்டைக் காட்டுனா சட்டையைப் பிடிப்பான்ப்பா" என்றார். பழைய பக்கத்தைப் பக்கத்தில் வைத்தேன். மறுபடி சொன்னேன். சாயங்காலம் அவர் வண்டியை எடுக்கும்போது படியிறங்கிப் போய் மூன்றாவது தடவையும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பதில் சொன்னார்.

"நீ பேசுறது எனக்குக் கேக்கலைப்பா, கேட்டாலும் மாத்தப் போறதில்லை."

கண்காட்சியில்

புத்தகம் வந்தது. புத்தகக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மூலைக் கடை கிடைத்தது. பழைய வாசகர்கள் ஆசையாக வந்தார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஏதோ வேண்டாத சொந்தக்காரரைப் பார்த்தது போல மெல்ல மூடி, அடுக்கின் மேலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவரும் சண்டைகூடப் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பழையவர்கள் போனால் போகிறார்கள், குழந்தைகள் பயப்படுவார்கள் என்று செல்வம் அண்ணன் தெம்பாக இருந்தார். சொன்னது போலவே ஒரு சிறுமி அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். செல்வம் அண்ணன் என்னை முழங்கையால் இடித்தார். அவள் நிமிர்ந்து அம்மாவிடம் கேட்டாள்.

"இந்த அங்கிள் என்ன பேஸ்ட்டும்மா போடுவாரு?"

தெருவுக்குத் தெரு

ஃப்ளெக்ஸ் மெஷின் வந்துவிட்டது. விற்காத கட்டுகளை அடுக்கி, அதன் மேல்தான் மெஷினுக்குரிய கம்ப்யூட்டரை வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது காதுகுத்து, பூப்புனித நீராட்டு பேனர்களில் தாய்மாமன்கள் பெயர் விட்டுப்போகாமல் பார்க்கிற வேலை. இதிலும் பழையது, புதியது உண்டு. மாமன்களின் பத்து வருடத்துக்கு முந்தைய போட்டோவைத்தான் போடச் சொல்கிறார்கள்.

ஒருநாள், புதுவீடு கட்டுகிற ஒருவர் திருஷ்டிப் படம் கேட்டு வந்தார். செல்வம் அண்ணன் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தார். கடைசியில் எங்கள் கடைசிப் பக்கத்து ஆளையே எடுத்தார். நாக்கைத் தொங்கவிட்டு, இரண்டு கொம்பு வைத்து, 'கண்டதும் ஓடு' என்று கீழே எழுதி அடித்துக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வந்தார். அவனியாபுரம் வரை இப்போது சாரம் கட்டிய வீட்டுக்கெல்லாம் அந்தக் கொம்பு வைத்தவர்தான் காவல். பல் மட்டும் அப்படியே வரிசையாக இருக்கிறது. எப்போதாவது பிரபு பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பான். ஒருநாள் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவன் குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

"ஒரு மாசம் தூங்காம வரைஞ்சேன் மாப்ள, ஒரு நாய்கூட இதைப் பாத்துக் குரைக்க மாட்டேங்குது."

கதவு

மாயாண்டி அண்ணன் புத்தகத்தின் கடைசிப் பக்க ஸ்கேனைத் தாளில் அடித்து, என் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பாதி திறந்த கதவு, உள்ளே இருட்டு. போன வாரம் திருஷ்டிப் படம் வாங்க ஒரு கொத்தனார் வந்தார். வாட்டசாட்டமான ஆள். கொம்பு வைத்தவர் மெஷினிலிருந்து இறங்கியதும், மை காய்வதற்குள் கொத்தனார் அவர் முகத்தை இரண்டாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். ரசீது போட நேரமாகும் என்று, என் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திப் போட்டார். பிறகு இந்தப் பக்கம். பிறகு எழுந்து, சுவருக்கு முதுகு காட்டி நின்றார். அதுவும் சரிப்படவில்லை போல, உடனே திரும்பிக்கொண்டார். "தண்ணி வேணுமாண்ணே?" என்று கேட்டேன். ஆச்சரியம், என் குரல் அவருக்குக் கேட்டது. வேண்டாம் என்று தலையாட்டினார். செல்வம் அண்ணன் ரசீதை நீட்டியபோதும் அவர் கண் சுவரைவிட்டு இறங்கவில்லை.

"ரசீது கெடக்கட்டும்ணே, மொதல்ல அந்தக் கதவைச் சாத்தச் சொல்லுங்க."

விற்காத அந்தப் புதுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், 'மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்' என்று என் பெயரைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.