கூடப் பாடச் சொன்ன ஸ்டெல்லா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் தேயிலை மாதிரிப் பொட்டலங்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் கணவர் ஜோசப் அண்ணன் போனில் அழைத்தார். "ஸ்டெல்லா போயிட்டா தம்பி," என்றார்.

குன்னூரில் தேயிலை ஏலம் சார்ந்த ஓர் அலுவலகத்தில் ஸ்டெல்லா அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பாடற்குழுவை நடத்தியவரும் அவர்தான். நான் கீபோர்டு வாசிப்பேன்.

அவர் பொறுப்பேற்ற புதிதில் குழுவில் ஒரே மனத்தாங்கல். உச்சக்குரலில் புதுப்புதுப் பாடல்களைப் பாடி எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அவரோ எந்தப் பாட்டை எடுத்தாலும் சுருதியை இறக்கச் சொன்னார்.

"இவ்வளவு இறக்கினா எங்க குரல் எடுபடாதுங்கக்கா," என்றேன்.

"நம்ம குரல் எடுபடறதுக்கா இங்க நிக்கறோம்? எஸ்டேட்ல இருந்து பஸ் மாறி வர்றவங்க பின்னால நிக்கறாங்க. வாரம் பூரா அடுத்தவங்க சொல்றதைக் கேட்டுட்டே இருக்கறவங்க. இங்கயாச்சும் வாயைத் தொறக்கட்டும் தம்பி."

கோபித்துக்கொண்டு இரண்டு பேர் விலகினார்கள். அக்கா அசரவில்லை. பூசைக்கு முன்னால் மக்கள் நடுவே வந்து நின்று, அன்றைய பாடலின் பல்லவியைச் சொல்லித் தருவார். "தப்பாப் பாடினாலும் சாமி ஒண்ணும் சொல்லமாட்டாருங்க, சத்தமாப் பாடுங்க," என்பார். முதலில் முணுமுணுப்பாகத்தான் வந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் மைக் இல்லாமலே கோயில் நிறைந்தது. ஒரு கூட்டம் ஒரே குடும்பமாக மாறிய சத்தம் அது.

பிறகு அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் பிழைத்தார், குரல் திரும்பவில்லை. வெறும் காற்றாகத்தான் பேச்சு வந்தது. கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய் அழைத்தேன்.

"எல்லாரும் பாடற எடத்துல நான் மட்டும் சும்மா நிக்கணுமா? என்னால ஆகாது தம்பி," என்றார்.

ஜோசப் அண்ணன்தான் விடாமல் கெஞ்சி, ஈஸ்டர் பூசைக்குக் கூட்டிவந்தார். பாடற்குழுப் பக்கம் வராமல் அக்கா கடைசி பெஞ்சருகே தலைகுனிந்து நின்றார். நற்கருணைப் பாடல் தொடங்கியது. பக்கத்தில் நின்ற கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓங்கிப் பாடினார். சுற்றியிருந்தவர்களும் குரலை உயர்த்தினார்கள். கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

வெளியே வந்ததும் என்னை அருகே அழைத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"எனக்குச் சத்தம் வரலைங்கறதே மறந்துபோச்சு தம்பி. அத்தனை பேர் பாடறப்ப எது யார் குரல்னு யாருக்குத் தெரியுது?"

அதன்பின் ஒரு ஞாயிறும் அவர் தவறவிடவில்லை. நான் வாசிப்பது மக்களின் குரலை அமுக்கினால், கடைசி பெஞ்சிலிருந்தே கையைத் தாழ்த்திக் காட்டுவார். நானும் உடனே குறைத்துவிடுவேன்.

புதன்கிழமை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. குடைகளை மடக்கிவிட்டு எல்லோரும் பாடினோம். பாட்டு முடிந்தது, மண் போடுவது முடியவில்லை. யாரும் சொல்லாமலே மறுபடியும் முதல் அடியிலிருந்து தொடங்கினோம். கடைசிப் பிடி மண் விழும்வரை யாரும் நிறுத்தவில்லை.

இளைப்பாறுங்கள் அக்கா. நாங்கள் பாடிக்கொண்டிருக்கிறோம்.