வெயிட் மிஷின் இருந்த இடம்

மதியம் ஒரு மணி, ஏப்ரல் வெயில். லோணாவளா பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். நான் புனே போய்ச் சென்னை வண்டி பிடிக்க வேண்டும். வரும் லோக்கலை விட்டால் அதுவும் போச்சு.

புதுக் கூரை, புது கிரானைட் பெஞ்சு, அருமையான நிழல். மொத்தமும் எனக்கே. மற்றவர்கள் எல்லாரும் நூறடி தள்ளி மொட்டை வெயிலில் கும்பலாக நிற்கிறார்கள். ஒருவன் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு செல்போனில் பாம்பு கேம் விளையாடுகிறான். இந்த ஊருக்கு நிழல் ஆகாதா?

என் கையில் தமிழ் வார இதழைப் பார்த்துவிட்டு, காக்கிச் சட்டை போட்ட தொழிற்சாலைக்காரர் ஒருவர் அங்கிருந்து கூப்பிடுகிறார்.

“சார், அங்க குந்தாதீங்க. லோக்கல் அதுவரைக்கும் வராது. வெயிட் மிஷின்கிட்ட வந்துருங்க.”

போகிறேன். மிஷின் எதுவும் இல்லை. வெறும் தரை.

“அத எடுத்து ஆறேழு வருஷம் ஆவுது சார். முன்னாடி பிளாட்பாரம் இங்கயே முடிஞ்சிரும். லம்பா காடி, நீள வண்டி வரப்போவுதுன்னு நீட்டிட்டாங்க. காடி இன்னும் நீளல.”

லோக்கல் தூரத்தில் தெரிகிறது. அப்போதுதான் டை கட்டிய இளைஞன் ஒருவன் வந்து, கிரானைட் பெஞ்சில் சொகுசாகச் சாய்கிறான்.

எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் திரட்டிக் கத்துகிறேன். “பாய் சாப்! வெயிட் மிஷின் கே பாஸ்!”

ஓடிவருகிறான். சுற்றுமுற்றும் தேடிவிட்டு, “மிஷின் கிதர் ஹை?” என்கிறான்.

கும்பலில் எல்லாருக்கும் முந்திக்கொண்டு நான்தான் வெறும் தரையைக் காட்டுகிறேன். கடைசிப் பெட்டியின் வாசல் அங்கே வந்து நிற்கிறது.