மோட்டாரம்மாவுக்கு விழுந்த ஓட்டு

ஊரில் அவளை மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கருகிப்போன மோட்டாரைப் பிரித்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை அவளுடையது. ஓடுகிற எதுவும் ஏன் ஓடுகிறது, நின்றால் ஏன் நின்றது என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

தெருவில் சாக்கடைத் தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. வார்டு உறுப்பினரிடம் நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். சரி, நாமே நின்று பார்ப்போம் என்று தேர்தலில் இறங்கிவிட்டாள். எதிரே நின்றவர் மருந்துக்கடைக்காரர். இரண்டு பேர் வீட்டிலும் நடை பழகும் வயதில் ஒரு பிள்ளை.

முதல் நாள் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போனாள். "பச்சப்புள்ளைய இப்படி வெயில்ல தூக்கிட்டு அலையணுமா?" என்றார்கள். மறுநாள் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "புள்ளைய யாரு பாத்துக்குறா? பெத்த மனசு எப்படித்தான் கேக்குதோ!" என்றார்கள். மருந்துக்கடைக்காரர் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். "என்ன பாசம் பாருங்க" என்று பையனின் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவர் தனியாக வந்த நாளில் பிள்ளை எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அவளுக்குக் கோபம் வந்ததுதான். கூடவே, இது எதுவரை போகும் என்று பார்க்கவும் ஆசை வந்தது. சலவைக்கடை அக்காவிடம் கேட்டாள்.

"ஏங்க்கா, என்னைக் கேட்டத மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டீங்களா?"

"அவர்கிட்ட எதுக்கு? அவர் வீட்லதான் பொண்டாட்டி இருக்காளே."

"என் வீட்லயும் புருஷன் இருக்காரே!"

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். "போடி, ஆம்பளைக்கு என்ன தெரியும்?"

மோட்டாரம்மாவின் கணவர் பஸ் டிரைவர். அவருக்கு லீவு வந்த அன்று, "இன்னிக்கு நீங்க பாப்பாவத் தூக்கிட்டுப் போய் எனக்கு ஓட்டுக் கேளுங்க" என்றாள்.

"எனக்குப் பேச வராதே?"

"பேச வேண்டாம். நோட்டீஸ் மட்டும் குடுங்க."

சாயங்காலம் மனிதர் புது மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலம், பாப்பா கையில் பலூன். "நாற்காலி போட்டு உக்கார வச்சாங்க. டீ குடுத்தாங்க. இப்படி ஒரு புருஷன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணுமாம்." கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு வீட்ல, நீங்களே நின்னிருக்கலாமேன்னாங்க."

"அதே வீடுங்கள்ல நான் குடிக்கத் தண்ணி கேட்டதுக்கு மோட்டார் ரிப்பேர்னு சொல்லிட்டாங்க. என்கிட்டயே!" என்று சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

வருகிற ஓட்டை ஏன் விட வேண்டும் என்றும் தோன்றியது. அப்புறம் அவருக்கு ஓய்வு கிடைத்த போதெல்லாம் அவர் குழந்தையோடு முன்னே போனார், அவள் நோட்டீஸோடு பின்னே போனாள். கதவுகள் திறந்தன. பாப்பாவைக் கொஞ்சி முடித்த பிறகு சாக்கடையைப் பற்றியும் காது கொடுத்தார்கள்.

மயிரிழையில் ஜெயித்தாள். சலவைக்கடை அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உனக்குத்தான் போட்டேன்டி! உன் வீட்டுக்காரர் தங்கமான மனுஷன், அந்த முகத்துக்காகவே போட்டேன்."

"நான் சாக்கடையப் பத்திப் பேசினேனேக்கா?"

"பேசினியா? ஆமாமா, பேசின."

சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் பட்டுக்கொண்டாள்.

ஆரம்பத்தில் மனுவோடு வந்தவர்கள் வீட்டுக்கு வந்து கணவரிடம்தான் நீட்டினார்கள். "உறுப்பினர் கடையில இருக்காங்க, நான் சும்மா பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டிட்டிருக்கேன்" என்று அவர் சலிக்காமல் திருப்பி அனுப்பினார். மழைக்கு முன்பே தெருவில் புதுச் சாக்கடைக் குழாய் பதித்தாள். அதற்குப் பிறகு ஜனங்கள் நேரே கடைக்கே வர ஆரம்பித்தார்கள். அவள் கம்பி சுற்றிக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "எப்பலேர்ந்து? எதனால?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.