தம்பிராசாவுக்கு விழுந்த இரண்டு கோடு

துணுக்காயில் தம்பிராசா என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைத்தாச்சித் தம்பிராசா என்று கேட்டால் வீட்டுப் படலை வரைக்கும் கூட்டிப்போய் விடுவார்கள். பெயர் வந்தது தொண்ணூற்றெட்டில்.

மனைவி கனகேஸ்வரிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. சோதித்துப் பார்க்கச் சிறுநீரைச் சின்னப் போத்தலில் அடைத்து, கணவரிடம் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்பினாள். பாதி வழியில் சைக்கிள் குழியில் விழ, போத்தல் கவிழ்ந்தது. திரும்பிப் போனால் அவள் வாயில் விழ வேண்டும். தம்பிராசா பற்றைக்குப் பின்னால் ஒதுங்கி, போத்தலைத் தானே நிரப்பிக்கொண்டார்.

சோதனைத் தாளில் இரண்டு கோடு விழுந்தது. "பிள்ளை தங்கியிருக்குது," என்றார் தாதி. வந்த சந்தோஷத்தில் அது யாருடைய சிறுநீர் என்பதே தம்பிராசாவுக்கு மறந்துபோயிற்று. யுத்தகாலத் தட்டுப்பாட்டிலும் கற்கண்டு வாங்கி, கண்டவர்க்கெல்லாம் கொடுத்தபடி வீடு வந்தார்.

"நீங்கள் போன கையோடயே எனக்குத் தீட்டு வந்திட்டுது. அப்ப ஆருக்குப் பிள்ளை?" என்றாள் கனகேஸ்வரி.

அவர் உண்மையைச் சொன்னார். பிழையான தாள் வைத்திருப்பவர்களை ஏச, அவள் அவரையும் இழுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். நடந்ததைக் கேட்டு அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணை, உள்ள வாங்கோ. தாள் பிழையில்லை. அது பிடிக்கிறது ஒரு புரதத்தை. கருவில ஊறுற அதே புரதம், ஆம்பிளையளின்ர விதையில புற்றுநோய்க் கட்டி வந்தாலும் ஊறும்."

கட்டி பயறளவுதான் இருந்தது. வவுனியாவில் வெட்டி எடுத்தார்கள்.

"மனிசியின்ர வாய்க்குப் பயந்ததாலதான் உயிரோட இருக்கிறன்," என்று தம்பிராசா எல்லோரிடமும் சொல்வார். அதை அப்படியே நம்பிவிட்ட கனகேஸ்வரி, இன்றுவரை ஒரு வேளையும் தவறாமல் அவரை ஏசி வருகிறாள்.