இரண்டாவது பாடை

முதல் அறிகுறி கொட்டாவி. சிரிக்காதீர்கள். தை மாதம், திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அறுப்பு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் தொடங்கிய கொட்டாவி நிற்கவே இல்லை. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். கொளுத்தும் வெயிலில் உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். நெடி வரவில்லை என்றதும் கண்ணேறுதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அது கண்ணேறு இல்லை என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டில் கட்டட வேலை பார்த்தபோது, முதுகுவலிக்கென்று அறைத்தோழன் கொடுத்துப் பழக்கிய ஹெராயின். ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. கைவசம் இருந்தது தீர்ந்ததும் கொட்டாவி வந்தது. இங்கே எப்படிக் கிடைத்தது என்று எழுத மாட்டேன். தேடுகிறவனுக்கு அது கைகாட்டி ஆகிவிடும்.

மூன்றாம் நாள் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு விழுந்தேன். தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "எம்புள்ளய எழுப்பிக் குடு ஆத்தா, வலங்கைமானுக்குப் பாடைக்காவடி எடுக்கிறேன்" என்று அம்மா வார்டு வாசலிலேயே வேண்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்த எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"வலியையும் பயத்தையும் அடக்குற மருந்த உங்க மூளையே சுரக்கும். வெளியிலேர்ந்து இவ்வளவு வந்ததும் அது தன் வேலையக் கொறச்சுக்கிடுச்சு. இப்ப பதற்றத்துக்கான சுரப்பு மட்டும் தறிகெட்டு ஓடுது. சாதாரணச் சண்டகூட உங்களுக்கு வீடு பத்திக்கிட்ட மாதிரி இருக்கும். நாங்க சொல்ற வரைக்கும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

மாத்திரை புப்ரினார்பின் (நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது, ஹெராயினுக்கான தவிப்பை அடக்கும்). கொட்டாவி நின்றது. சந்தோஷம் மட்டும் திரும்பவில்லை. அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்து, என் கையில் கொடுத்தார்கள். ஒன்றுமே தோன்றவில்லை. நெல் மூட்டையை வாங்குவதுபோல வாங்கித் திருப்பிக் கொடுத்தேன். மூளையின் இன்ப உணர்வு மரத்துப்போயிருக்கிறது, திரும்ப நாளாகும் என்றார் டாக்டரம்மா. நானோ மிருகமாகிவிட்டதாக நினைத்தேன். உங்களுக்கும் அப்படித் தோன்றலாம். அது நோயின் குணம், உங்கள் குணம் இல்லை.

பங்குனியில் நேர்த்திக்கடன். சாகக் கிடந்து பிழைத்தவரைப் பிணம்போலப் பச்சை மூங்கில் பாடையில் கிடத்தி, அம்மன் கோயிலுக்குத் தூக்கிப்போவதுதான் பாடைக்காவடி. ஆற்றில் குளித்து, விபூதி பூசி, வாய்க்கட்டும் கால்கட்டும் போட்டுப் படுத்தேன். அண்ணனும் பங்காளிகள் மூவரும் தூக்கினார்கள். அம்மா தீச்சட்டியோடு முன்னால் நடந்தாள். சாவு மேளம் காதருகே இடித்தது. கோயிலில் தீர்த்தம் தெளித்ததும் எழுந்தேன். அம்மா அழுதாள், நானும் அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த அழுகை. குணமாகிவிட்டேன் என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. கோயிலைக் குற்றம் சொல்லவில்லை, புத்தி கெட்டது எங்களுக்கு.

"ஆத்தாதான் எழுப்பி விட்டுட்டாளே. செத்து எந்திரிச்சவனுக்கு எதுக்குடா மாத்திரை? தின்னா அவளச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும்" என்றாள் அம்மா. பாடையிலிருந்து எழுந்தவனுக்குப் பழைய நோய் கிடையாது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அட்டையோடு மாத்திரையை அடுப்பில் போட்டது நான்தான்.

மூன்று வாரம் சரியான தூக்கமில்லை. சித்திரையில் கோடைமழை பெய்து, மெஷின் சேற்றில் புதைந்தது. "ஓட்டத் தெரியாதவன்லாம் எதுக்குய்யா மெஷின்ல ஏறுறீங்க?" என்று வயல்காரர் வரப்பில் நின்று கத்தினார். எத்தனையோ முறை கேட்ட வசவுதான். அன்று நெஞ்சு படபடத்தது, ஊரே என்னைக் கொல்ல வருவதுபோல இருந்தது. வீடு பற்றிக்கொண்ட மாதிரி என்று டாக்டரம்மா சொன்னாரே, அது இதுதான் என்று பாழாய்ப்போன மண்டைக்கு உறைக்கவில்லை. தேடிப் போய் வாங்கினேன். பம்புசெட் கொட்டகையில் உட்கார்ந்து, பழைய அளவையே எடுத்தேன்.

மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நிறுத்திய நாட்களில் தாங்குதிறன் (பழகப் பழக உடம்பு அதிக அளவையும் பொறுத்துக்கொள்வது) இறங்கிவிடுகிறது. முன்பு தாங்கிய அளவே இப்போது மூச்சை நிறுத்தும். ஆசைக்கு இதெல்லாம் தெரியாது, அது பழைய கணக்கிலேயே கேட்கும்.

பிறகு நடந்தது அண்ணன் சொல்லித் தெரியும். உதடு நீலமாகி, குறட்டைபோல ஒரு சத்தத்தோடு கிடந்தேனாம். வரப்பில் ஆம்புலன்ஸ் வராது. கயிற்றுக் கட்டிலில் போட்டு, அதே நான்கு பேர் ரோட்டுக்குத் தூக்கினார்கள். அம்மா வெறுங்கையோடு முன்னால் ஓடினாள். எதிரே வந்த ஒருவர் பிணமென்று நினைத்து, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றாராம். நலாக்சோன் (ஹெராயினை மூளையிலிருந்து விலக்கி, மூச்சைத் திருப்பும் ஊசி) போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

"கோயிலுக்குத் தூக்குனப்ப இவ்வளவு கனக்கலடா" என்றான் அண்ணன்.

இப்போது மாத்திரையை அம்மாவே எடுத்துத் தருகிறாள். கரையும்வரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. பத்து நிமிடம். பாடையில் வாய்க்கட்டோடு கிடந்த நேரம்கூட இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. அம்மாவின் கண் என் நெஞ்சிலேயே இருக்கும், ஏறி இறங்குகிறதா என்று. தெருவில் சாவு மேளம் கேட்டால் என் கையும் தானாக நெஞ்சுக்குப் போகிறது. போன வாரம் அண்ணன் மகள் என் விரலைக் கடித்தாள். நான் சிரித்தேன் என்கிறாள் அண்ணி. எனக்கு நினைவில்லை.

இன்று காலை மாத்திரை வாயில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"தம்பிக்கு முழுசா கொணமாயிடுச்சா?"

என்னைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "இன்னும் பாடைய விட்டு எறங்கல. எந்திரிச்சுக்கிட்டு இருக்கான்."

நான் வாய் திறக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது.