தேன்ல வந்த வினை

செல்லக்கிளியைப் பத்தி யாராச்சும் "அது ஒரு வாயாடிக் கழுதை"ன்னு சொன்னா எனக்குப் பொத்துக்கிட்டு வரும். வாய் இருந்ததாலதான்யா அவ பொழச்சா. நடந்ததைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

கீழமாசி வீதியில விருமாண்டி முதலாளியோட மளிகை மண்டி. நான் அழகுமலை, அங்க சரக்கு எடை பாக்குறவன். மிளகாய் வத்தல் மூட்டை இறங்குனா தெருவே தும்மும், நாங்க தும்ம மாட்டோம். முதலாளிக்குக் கொட்டாம்பட்டி சொந்த ஊரு. எண்பத்தஞ்சுலயோ என்னமோ, எதுத்த மண்டிக்காரன் கலர் டிவி வாங்கிட்டான்னு இவரு வீம்புக்குக் கம்ப்யூட்டர் வாங்குனாரு. மாலை போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, எல்லாம் முடிச்ச பெறகுதான் "ஏப்பா அழகு, இதை யாரு ஓட்டுறது?"ன்னு கேட்டாரு.

அப்ப வந்து சேந்தவதான் செல்லக்கிளி. திருவாதவூர்க்காரி. அப்பா பேயாண்டி கத்திரிக்காய் போட்டு அவளை பி.எஸ்சி. கணக்குப் படிக்க வச்சவரு. சிம்மக்கல்லுல ஏதோ ஒரு மாடியில கம்ப்யூட்டர் கோர்ஸும் முடிச்சிருந்தா. காலையில பஸ்ஸை விட்டு இறங்குவா, செருப்பை வெளியில விடுவா, கம்ப்யூட்டருக்குன்னு போட்ட ஏசி ரூமுக்குள்ள போன உடனே மிஷினைத் திட்ட ஆரம்பிச்சிருவா. "எந்திரிடா. எம்புட்டு நேரம்டா கண்ணு முழிப்ப? சோத்துக்கா பஞ்சம் உனக்கு?" வெளிய நின்னு கேக்குறவுக, உள்ள யாரோ புருசன்காரன் மாட்டிக்கிட்டு முழிக்கிறான்னு நெனைப்பாக.

அந்த ஏசி ரூம் மேல முதலாளிக்கும் ஒரு கண்ணு. மத்தியானம் சாப்புட்டதும் "கணக்குப் பாக்கப் போறேன்"னு சொல்லிட்டு உள்ள போயி, துண்டை விரிச்சுப் படுத்துருவாரு. குறட்டைச் சத்தத்துல பிரிண்டர் சத்தம் கேக்காது.

செல்லக்கிளி புரோகிராம் எழுதுனது கோபால்ங்கிற பாஷையில. அவ சரியாத்தான் 'கோபோல்'னு சொல்லுவா. எங்களுக்கு அது கோபால்தான். "கோபால் என்ன சொல்றான்த்தா?"ன்னுதான் முதலாளி விசாரிப்பாரு. சரக்குக் கணக்கு மொத்தத்தையும் அவ அதுல ஏத்தி வச்சிருந்தா. பெருங்காயத்துக்கு இங்கிலீஷ்ல என்னன்னு எங்க மண்டியில எவனுக்குத் தெரியும்? அதனால எழுத்து மட்டும் இங்கிலீஷ், பேரெல்லாம் தமிழ். புளிக்குப் பி யூ எல் ஐ, எள்ளுக்கு இ எல் எல் யூ. வெல்லம், நெய், கொடைக்கானல்ல இருந்து டின்னு டின்னா வர்ற தேன், எல்லாம் அதே கணக்குத்தான்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. ஆனா வெளியில ஒருத்தன் காத்துக்கிட்டு இருந்தான். பேரு சின்னான். செல்லக்கிளிக்குத் தாய்மாமன் மகன், மொறை மாப்பிள்ளை. மேலூர்ப் பக்கமிருந்து லாரியில புளி ஏத்திக்கிட்டு எங்க மண்டிக்கே வருவான். குடி கெடையாது, சீட்டுக் கெடையாது. வேணாம்னு சொல்ல ஒரு காரணம் கெடைக்காத அளவுக்கு நல்லவன், அதுதான் பெரிய தொல்லை. செல்லக்கிளி அப்பாகிட்ட ஒரே பேச்சா பேசி முடிச்சிருந்தா: "எனக்கு இந்த வேலை இருக்குற வரைக்கும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. வேலை போச்சுன்னா உங்க இஷ்டம்." பேயாண்டியும் சரின்னுட்டாரு. அதனால சின்னான் புளி மூட்டையை இறக்குனதும் இறக்காததுமா என்கிட்டதான் வருவான். "அண்ணே, மிஷினு எப்படி இருக்கு?" சொத்துள்ள பெரியப்பன் ஆஸ்பத்திரியில கெடந்தா விசாரிப்பாகளே, அந்த மாதிரி இருக்கும்.

"நல்லாத்தான்டா இருக்கு மாப்ள, போயி வேலையைப் பாரு"ன்னு வெரட்டி விடுவேன்.

எண்பத்தொம்பதுல, மிஷினு வித்த மெட்ராஸ் கம்பெனி இஞ்சினியர் விஸ்வேஸ்வரன் வந்தாரு. பழைய மிஷினை எடுத்துக்கிட்டுப் புதுசைக் குடுத்துட்டு, முதலாளி வாங்கித் தந்த ஜிகர்தண்டாவையும் குடிச்சிட்டுப் போயிட்டாரு. புது மிஷினோட புது கம்பைலரும் வந்துச்சு. கம்பைலர்னா மெரளாதீக. நாம எழுதுற புரோகிராமை மிஷினுக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்குற சாமான், அம்புட்டுத்தான். பழைய கம்பைலர் செல்லக்கிளி எழுதுனதை மறுபேச்சு இல்லாம மாத்திக் குடுத்துக்கிட்டு இருந்துச்சு. புதுசுக்கு என்ன கொழுப்போ, அதையே வாங்கிப் படிச்சிட்டு, தப்பு, தப்பு, தப்புன்னு பேப்பர் பேப்பராத் துப்பிருச்சு. அவளும் ராவுத்தர் கடை டீயாக் குடிச்சுக் குடிச்சு ஒவ்வொரு வரியாப் பாக்குறா, ஒரு தப்பும் இல்ல.

முதலாளி கூப்பிட்டாரு. "இந்தா பாருத்தா. சித்திரை பொறந்தா புதுக்கணக்கு. அதுக்குள்ள உன் கோபால் வாயத் திறக்கலைன்னா மிஷினைத் திருப்பிக் குடுத்துருவேன். மிஷினே இல்லைன்னா உனக்கு இங்க என்ன வேலை?" சொல்லும்போதே அவருக்கு மொகம் வாடிருச்சு. மிஷினு போனா ஏசியும் போயிரும்ல.

சேதி கேட்ட அன்னைக்கே சின்னான் முடி வெட்டிக்கிட்டான்.

"புதுசோட மல்லுக்கட்ட வேணாம், பழைய கம்பைலரையே இதுல ஏத்திருவோம்"னு செல்லக்கிளி பீரோவைத் திறந்து பழைய பிளாப்பியை எடுத்தா. எடுத்தவ அப்படியே நின்னுட்டா. சரசுவதி பூசைக்கு முதலாளி தராசுக்கு, லாரிக்கு, போனுக்கு எல்லாம் பொட்டு வச்சிருந்தாரு. பிளாப்பியை மட்டும் விடுவாரா? அதுல ஒரு எடத்துல மூடாம திறந்து விட்டிருப்பாக பாருங்க, மிஷினு படிக்கிறதே அங்கதான். அந்த எடத்தைத் தேடிப் பாத்து கட்டைவெரலால சந்தனம், அதுக்கு மேல குங்குமம். காஞ்சு கல்லாட்டம் இருந்துச்சு. மிஷினுக்குள்ள விட்டா 'கரக் கரக்'னு சத்தம்.

"சாமி காரியம்த்தா, தொடைக்கக் கூடாதுன்னுதான் அப்படியே வச்சிருந்தேன்"னாரு முதலாளி, பெருமையா.

பெறகு விஸ்வேஸ்வரன் மெட்ராஸ்ல இருந்து இன்னொரு காப்பியைப் பார்சல்ல அனுப்புனாரு. அது ஏறுச்சு. ஏறி உக்காந்துக்கிட்டு, 'இந்த மிஷின்ல இருக்குற புது சிஸ்டம் எனக்கு ஆகாது'ங்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிட்டுப் படுத்துக்கிச்சு. என்ன தட்டுனாலும் எந்திரிக்கல. பழசுக்கு மிஷினு ஆகல, புதுசுக்குச் செல்லக்கிளி ஆகல.

அன்னைக்கு அவ தூக்குச்சட்டியைத் திறக்கவே இல்ல. "அண்ணே, சின்னான் மச்சான் மேல எனக்கு ஒரு வெறுப்பும் இல்லண்ணே. ஆனா இந்த ரூமுக்குள்ள இருக்கும்போதுதான் நான் சொல்றதை ஒண்ணு கேக்குது. வெளிய போனா யாரு கேக்குறா?"ன்னா. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு, யாரு மேலன்னு தெரியல. வெளிய போயி எடைக்கல்லை ஓங்கி ஒரு ஒதை விட்டேன். கால் வீங்குனதுதான் மிச்சம்.

பங்குனி கடைசி நாளும் வந்துச்சு. மத்தியானம் முதலாளி ஏசியில கடைசித் தூக்கம் தூங்கப் போயிட்டாரு. சின்னான் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு, தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், பட்டுச்சேலையோட வந்து புளி மூட்டை மேல உக்காந்துட்டான். வேலை போன சேதி வந்ததும் நேரா திருவாதவூருக்குப் போறதா ஏற்பாடு. செல்லக்கிளி மெட்ராஸுக்கு ட்ரங்க் கால் போட்டுட்டு, தப்புப் பேப்பரைக் கையில சுருட்டி வச்சிக்கிட்டு நிக்கிறா. நான் பக்கத்துல நிக்கிறேன்.

லைன் கெடைச்சுது. ட்ரங்க் கால்ல கத்துனாத்தான் கேக்கும். கத்துனா எல்லா எழுத்தும் நீண்டு போகும். ரெண்டு பேரும் கத்துறாக, தெருவே கேக்குது.

"சார், மொதத் தப்பு சரக்குப் பட்டியல்லயே வருது சார்! பேரு இருக்க வேண்டிய எடத்துல பேரைக் காணோம்னு சொல்லுது. பேரு இருக்கு சார்!"

"எந்த வரியிலம்மா?"

"தேன் சார்! தேன் வரியில!"

"ஓகே. தே...ன்?"

"ஆமா சார், தேன்!"

"அதைத்தாம்மா கேக்கறேன். பேரைக் காணோம்னு சொல்லுது. தே...ன்?"

"ஐயோ, தேன்தான் சார்!"

"என்னைக் கேட்டா? நீதானே சொல்லணும்! தே...ன்?"

செல்லக்கிளிக்கு ஏறிருச்சு. "தேன் சார்! தேனீ கட்டுற தேன்! டின்னுல வர்ற தேன்! உங்களுக்குக் காது கீது இருக்கா இல்லையா?"

"எனக்கா காது இல்லை? நான் இங்கிலீஷ்ல கேக்கறேம்மா! தென்! டி எச் இ என், தென்! அப்புறம் என்ன ஆச்சுன்னு கேக்கறேன்!"

வாயடைச்சு நின்ன செல்லக்கிளியை அன்னைக்குத்தான் மொத தடவை பாத்தேன். கையில இருந்த பேப்பரை விரிச்சு, தேன் வரியில வெரலை வச்சு, எழுத்துக் கூட்டுனா. டி. எச். இ. என். வருசக்கணக்கா அவ கண்ணுல பட்ட எழுத்துத்தான். அவளுக்கு அது தேனாவே தெரிஞ்சிருக்கு, இங்கிலீஷ் வார்த்தையா ஒரு நாளும் தெரியல.

"அண்ணே! பழைய கம்பைலருக்கு இந்த வார்த்தை மேல அக்கறை இல்ல, நான் பேரா வச்சேன், கேட்டுக்கிச்சு. புதுசு இதைத் தனக்குன்னு எடுத்து வச்சிக்கிச்சுண்ணே! அதான் பேருன்னே மதிக்க மாட்டேங்குது. இந்த ஒரு வரி கெட்டதுல கீழ இருக்குறதெல்லாம் கெட்டுப் போச்சு!"

போனைத் தொங்க விட்டுட்டு, செருப்புக் காலோட ஏசி ரூமுக்குள்ள ஓடுனா, நானும் பின்னாலயே ஓடுனேன். முதலாளியைத் தாண்டிப் போயி உக்காந்து, தேன் வர்ற எடத்துல எல்லாம் கடைசியில ஒரு 'யூ' சேத்தா. தேன் 'தேனு' ஆச்சு. தட்டி விட்டா. போன்ல விஸ்வேஸ்வரன் இன்னும் "தென்? தென்?"னு கத்திக்கிட்டு இருக்காரு. பிரிண்டர் ஒரு தடவை இருமிட்டு ஒரே ஒரு வரி அடிச்சுது. தப்பு பூஜ்யம். நான் கத்துன கத்துல முதலாளி வாரிச் சுருட்டி எந்திரிச்சாரு.

"என்னாத்தா, கோபால் பேசிட்டானா?"

"பேசிட்டான் முதலாளி!"ன்னு சொல்லிட்டு ஓன்னு அழுதா. நானும் அழுதேன். மிளகாய் நெடின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

வெளிய வந்தவ சின்னான் முன்னால நின்னா. அவன் தாம்பாளத்தோட எந்திரிச்சான்.

"மச்சான், கோவிச்சுக்காதீக. தேனுக்குத்தான் இன்னைக்குப் பேரை மாத்துனேன். என் இனிஷியல் இருக்குறபடியே இருக்கட்டும்."

சின்னான் கோவப்படல. வாழைப்பழத்தை எனக்கு ஒண்ணு பிச்சுக் குடுத்தான், ட்ரங்க் கால் கேக்க நின்ன கூட்டத்துக்கும் ஆளுக்கு ஒண்ணு குடுத்தான். வெத்தலையை முதலாளி எடுத்துக்கிட்டாரு. சேலையை மட்டும் மறுபடி கவர்ல போட்டு, மடிப்புக் கலையாம கக்கத்துல வச்சிக்கிட்டான். போகும்போது முதலாளி காதுகிட்டக் குனிஞ்சு மெதுவாக் கேட்டான்:

"முதலாளி, இந்த மிஷினு எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?"